குதிரை எழுதிய மூன்று கோடுகள்

இதயத்தின் கதை – 9

லயனெக் காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் காது கொடுத்ததோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன. முதலாவது மந்தமாகச் சற்று நீண்டது. அடுத்தது சுருக்கென்று முடிந்தது. 1819இல் வந்த தம் நூலில் இரண்டுக்கும் காரணம் எழுதினார். கீழறைகள் சுருங்கும்போது முதல் ஒலி, மேலறைகள் சுருங்கும்போது இரண்டாவது ஒலி என்றார். முதல் பாதி ஏறக்குறையச் சரி. இரண்டாம் பாதி தவறு. மேலறை சுருங்குவது கீழறைக்கு முன்பு.

இதற்காக லயனெக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிப் புத்தகத்தில் ‘லப்’, ‘டப்’ என்று படித்த நாளில் ஆரிக்கிளுக்கு ஒன்று, வெண்ட்ரிக்கிளுக்கு ஒன்று என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அறைகள் இரண்டு அடுக்கு, ஒலிகள் இரண்டு. மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. உண்மையில் இரண்டு ஒலிகளுமே கீழறையின் வேலையைச் சொல்பவை. கீழறை சுருங்கத் தொடங்கியதும் மேலறைப் பக்கத்து வால்வுகள் சாத்திக்கொள்வது ‘லப்’. சுருங்கி முடிந்ததும் தமனிப் பக்கத்து வால்வுகள் சாத்திக்கொள்வது ‘டப்’. ஒலிக்கு வால்வுகளே காரணம் என்று பாரிஸில் ரூவானே என்பவர் 1832இல் தம் பட்ட ஆய்வேட்டில் வாதிட்டார். உடனே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் டப்ளினிலும் லண்டனிலும் குழுக்களையே அமைத்து, விலங்குகளின் மார்பைத் திறந்து, ஒலியின் பிறப்பிடத்தைத் தேட வைத்தது.

ஆனால் ஒலிச் சண்டைக்கு அடியில் அதைவிடப் பழைய சண்டை ஒன்று இருந்தது. இடது மார்பில் ஐந்தாம் விலா இடுக்கில், காம்புக்குச் சற்றுக் கீழே உட்புறமாக விரல் வைத்தால் உள்ளிருந்து ஒன்று தட்டும். மெலிந்த பிள்ளைகளிடம் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தட்டு விழும் கணத்தில் இதயம் என்ன செய்துகொண்டிருக்கிறது? சுருங்குகிறதா, விரிகிறதா?

சுருங்கும் பொருள் சுவரைவிட்டு விலகத்தானே வேண்டும்? விரிகிற பொருள்தானே முட்டும்? ஹார்விக்கு முன்பு மருத்துவ உலகம் பெரும்பாலும் அப்படித்தான் நம்பியது. தவளை, பாம்பு, விலாங்கு என்று மெதுவாகத் துடிக்கும் இதயங்களையும், சாகும் தறுவாயில் தளர்ந்து துடிக்கும் நாயின் இதயத்தையும் ஹார்வி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததை நான்காம் அத்தியாயத்தில் சொன்னோம். சுருங்கும்போது இதயம் இறுகிக் கெட்டியாகிறது, முனை நிமிர்கிறது, மார்பில் மோதுகிறது என்று 1628இல் அவர் எழுதினார். முழங்கையை மடக்கினால் மேற்கைத் தசை நீளத்தில் குறுகினாலும் புடைத்துக் கல்லாகிறதே, அப்படி. தெகார்த் இதை ஏற்கவில்லை. ரத்தம் சுற்றி வருகிறது என்பதை ஒப்புக்கொண்ட அவரே, இதயத்தின் உட்சூட்டில் ரத்தம் பொங்கி விரிவதால்தான் தட்டு விழுகிறது என்று 1637இல் எழுதினார். தெகார்த்தின் உலையை நாளடைவில் எல்லோரும் கைவிட்டார்கள். ஆனால் தட்டின் நேரம் பற்றிய ஐயம் மட்டும் அணையாமல் கிடந்தது.

1830களில் அதை ஊதிப் பெரிதாக்கியவர் பாரிஸ் மருத்துவர் ஜோசப் போ. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குள் வேகமாகத் தள்ளுகிறது. நிரம்பிய கீழறை புடைத்து மார்பில் மோதுகிறது. ஆகவே தட்டு என்பது கீழறை விரியும் கணம் என்றார். பின்னால் வந்த புத்தகங்கள் அவரைப் பிடிவாதக்காரர்போலக் காட்டுகின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கையில் கிடைத்த சான்றுகளை வைத்துக்கொண்டு அவர் சொன்னதை அன்று யாராலும் முழுமையாக மறுக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

ஏட்டுச் சண்டை என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஒரு நோயாளியின் மார்பில், தட்டு விழும் நேரத்திலேயே ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறது என்று வையுங்கள். தட்டு கீழறை சுருங்கும் கணமானால், சாத்தியிருக்க வேண்டிய மேலறைப் பக்கத்து வால்வு ஒழுகுகிறது, அல்லது திறந்திருக்க வேண்டிய தமனி வால்வு குறுகிவிட்டது. தட்டு கீழறை விரியும் கணமானால் எல்லாம் தலைகீழ்: மேலறைப் பக்கத்து வால்வு குறுகியிருக்கிறது, அல்லது தமனி வால்வு ஒழுகுகிறது. ஒரே மார்பு, ஒரே இரைச்சல். ஹார்வியை நம்பும் மருத்துவர் ஒரு நோயை எழுதுவார். போவை நம்புபவர் நேர் எதிரான நோயை எழுதுவார்.

ஏன் பார்த்துத் தீர்க்க முடியவில்லை? முதல் தடை வேகம். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் மனித இதயத்தில் ஒரு சுழற்சி முழுவதுக்கும் 0.8 விநாடிதான். அதற்குள் மேலறை 0.1 விநாடி சுருங்குகிறது, கீழறை 0.3 விநாடி சுருங்குகிறது, மிச்ச 0.4 விநாடி இரண்டும் தளர்ந்திருக்கின்றன. கண்ணும் விரலும் காதும் அந்த அளவுக்கு நுணுக்கமாக முன்பின் பிரித்தறியா. இரண்டாவது தடை இன்னும் கொடியது. இதயத்தைப் பார்க்க மார்பைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் இதயம் மோதுவதற்கு அங்கே சுவர் இல்லை.

லியோன் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் தொடங்கியது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது. அங்கே உடற்கூறு கற்பித்துவந்த ஒகுஸ்த் ஷொவோவுக்குக் குதிரையின் இதயம் பழகிய பொருள். 1850களில் ஃபேவ்ர் என்ற சகாவுடன் சேர்ந்து, குதிரையின் மேலறைக்குள் விரலையே விட்டு, கீழறை சுருங்கும் கணத்தில் வால்வின் இதழ்கள் கவிகைபோல் மேல்நோக்கிப் புடைத்து மூடுவதைத் தொட்டுப் பார்த்தவர். ஓய்ந்து நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 40 முறைதான் துடிக்கும். நம் இதயம் இருமுறை துடிக்கும் நேரம் அதற்கு ஒரு துடிப்புக்கு. தவளையைத் தேடிப் போன ஹார்விக்கு மெதுவான இதயம் கிடைத்தது, ஆனால் அது நம் இதயம்போல் நான்கு அறை கொண்டதல்ல. குதிரையிடம் மெதுவும் இருந்தது, நான்கு அறையும் இருந்தன.

விரலும் போதவில்லை என்று ஷொவோவுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு வேண்டியது எழுதும் கருவி. அதைக் கொண்டுவந்தவர் எத்தியென் ழூல் மாரே. 1830இல் போன் என்ற ஊரில் பிறந்து, பாரிஸில் மருத்துவம் முடித்து, 1860இல் மணிக்கட்டு நாடியைத் தாளில் கோடாக எழுதும் சிறு கருவியைச் செய்து பேர் வாங்கியிருந்தார். எழுதும் கருவி என்பதே அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் கார்ல் லுத்விக் 1847இலேயே பாதரசக் குழாயில் மிதக்கும் ஒரு முள்ளைச் சுழலும் உருளையில் எழுதவைத்தார். ஆனால் பாதரசம் கனம். கிணற்றில் வாளியை உலுக்கினால் தண்ணீர் தன்பாட்டுக்கு ஆடுவதுபோல், இதயம் நின்ற பிறகும் அது ஆடும். இதயம் பாய்ந்தால் பின்தங்கி வரும். முன்பின் அறிய வேண்டிய இடத்தில் பின்தங்கும் சாட்சியால் பயனில்லை. மாரே பாதரசத்துக்குப் பதில் காற்றைப் பிடித்தார்.

அவர்கள் செய்த கருவியை மனக்கண்ணில் பார்க்கலாம். சிறு கம்பிக் கூண்டின்மேல் மெல்லிய ரப்பர் உறை போர்த்திய ஒரு குமிழ். அதிலிருந்து நீளும் குழாய். குழாயின் மறுமுனையில் ஒரு தட்டையான உலோகக் கிண்ணம். கிண்ணத்தின் வாயில் பறைத்தோல்போல் இழுத்துக் கட்டிய ரப்பர். பிரெஞ்சு மொழியில் அதற்கு வைத்த பெயரே பறை என்பதுதான். ரப்பரின்மேல் ஒரு நீண்ட மெல்லிய நெம்புகோல், அதன் நுனி கடிகாரப் பொறியால் நகரும் தாளைத் தொட்டபடி. உள்ளே குமிழை எது அழுத்தினாலும் காற்று நகரும், பறைத்தோல் எழும், நுனி தாளில் ஏறும்.

1861இல் குதிரையின் கழுத்துச் சிரையைத் திறந்து, இரண்டு குமிழ்கள் கொண்ட ஒரு குழாயை இதயம் வரை இறக்கினார்கள். குமிழ்களுக்கு இடையே அளந்து வைத்த தூரம், ஒன்று வலக் கீழறையில் போய் நிற்கும்போது மற்றொன்று வல மேலறையில் நிற்கும்படி. வழி புதிதல்ல, குதிரையின் இதயத்துக்குள் ரத்தம் எவ்வளவு சூடு என்று பார்க்க குளோத் பெர்னார் 1844இலேயே வெப்பமானியை உள்ளே செலுத்தியிருந்தார். மூன்றாவது குமிழைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அதை விலா இடுக்கில், வெளித்தசைக்கும் உள்தசைக்கும் நடுவே, தட்டு விழும் இடத்திலேயே பொதித்து வைத்தார்கள். மார்புக்கூடு திறக்கப்படவில்லை. சுவர் சுவராகவே இருந்தது.

குதிரை நின்ற இடத்தில் நின்றது. இதயத்துக்குள் குழாய் இருப்பதைப் பொருட்படுத்தாமல் நடந்ததாகவும் தீனி தின்றதாகவும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரத்தக்குழாயின் உட்சுவரிலும் இதயத்தின் உள்ளேயும் தொடும்போது வலி தெரிவதில்லை என்பது இன்று எல்லோரும் அறிந்ததே. அந்தப் பகுதியை நான் நம்புகிறேன். ஆனால் கழுத்தையும் விலாவையும் கீறியது வலித்திருக்கும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த எனக்கு விருப்பமில்லை. நாம் அறிந்த எத்தனையோ விஷயங்களுக்கு இப்படிப் பெயர் தெரியாத உயிர்கள் விலை கொடுத்திருக்கின்றன.

மூன்று நெம்புகோல் நுனிகளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். தாள் நகர்ந்தது. மேலே மேலறையின் கோடு, நடுவில் கீழறையின் கோடு, அடியில் தட்டின் கோடு. இனி வேலை ஒன்றுதான்: மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு இழுத்து, எது எதற்கு நேராக இருக்கிறது என்று பார்ப்பது.

மேலறைக் கோட்டில் முதலில் ஒரு சிறு மேடு. அதற்கு நேர்கீழே கீழறைக் கோட்டிலும், தட்டின் கோட்டிலும் ஒரு சின்னப் புடைப்பு. மேலறை தள்ளிய ரத்தம் போய்ச் சேர்ந்த அடையாளம். போ சொன்ன உந்தல் அங்கே இருக்கத்தான் செய்தது, ஆனால் அது அவ்வளவுதான். மேலறையின் மேடு இறங்கிய பிறகு, கீழறைக் கோடு மதில் ஏறுவதுபோல் நேராக ஏறுகிறது. உச்சியில் சிறிது நேரம் சமதளமாக, மெல்லிய அலைகளோடு நின்று, பிறகு சடாரென்று விழுகிறது. தட்டின் கோடு? கீழறைக் கோடு ஏறத் தொடங்கும் அதே செங்குத்தில் அதுவும் ஏறுகிறது. விரல் வைத்துத் தொடரலாம். தட்டு விழும் கணம் கீழறை சுருங்கத் தொடங்கும் கணம். தவளையைப் பார்த்து ஹார்வி சொன்னதை 233 ஆண்டு கழித்துக் குதிரை தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது.

முடிவைப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு 1861இல் தெரிவித்தார்கள். முழு விவரமும் மருத்துவக் கழகத்தின் தொகுப்பில் 1863இல் வந்தது. அதன்பின் இந்தக் கேள்விக்குப் பழைய உயிர் திரும்பவில்லை.

இந்த மூன்று கோடுகளைத் தட்டு விவகாரத்தோடு மூடி வைத்துவிடுவது பெரும் இழப்பு. அவற்றில் அதற்கு மேலும் எழுதியிருக்கிறது. முதலாவது, ஓய்வு. கீழறைக் கோடு உயர்ந்து நிற்கும் நேரத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் நேரம் அதிகம். இதயம் ஓயாமல் உழைக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் அது உழைத்ததைவிட நீண்ட நேரம் தளர்ந்திருக்கிறது. அந்தத் தளர்ச்சி வீண் நேரம் இல்லை. கீழறையின் பெரும்பகுதி அப்போதுதான், யாரும் தள்ளாமலே, நிரம்புகிறது. ஓய்ந்திருக்கும் மனிதரில் மேலறை கடைசியில் சுருங்கித் தருவது ஐந்தில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் மேலறை ஒழுங்கற்று நடுங்கும் நோயுள்ளவர்களும் நடமாட முடிகிறது. ஆனால் கீழறைச் சுவர் தடித்து இறுகிப்போனவர்களுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு உயிர்நாடி; அது போனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும்.

இடக் கீழறைத் தசைக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் வந்துசேர்வதும் அந்தத் தளர்ச்சியில்தான். சுருங்கியிருக்கும்போது தசை தன் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் சுழற்சி முழுவதற்கும் 0.4 விநாடிதான். சுருக்கத்தின் நேரம் கொஞ்சம்தான் குறையும், வெட்டுப்படுவது ஓய்வு. இதயம் அதிகம் உழைக்க வேண்டிய வேளையில் அதற்கான சாப்பாட்டு நேரம் சுருங்குகிறது. அடைப்புள்ளவருக்கு ஓடும்போது நெஞ்சு வலிப்பதில் இதற்கும் பங்குண்டு.

இரண்டாவது, அந்த மதில் ஏற்றம். கீழறை சுருங்கத் தொடங்கியதும் ரத்தம் வெளியே பாய்ந்துவிடுவதில்லை. மேலறைப் பக்கத்து வால்வு சாத்தியாயிற்று. பெருந்தமனியின் வால்வு இன்னும் திறக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கதவைத் தள்ளிப் பிடித்திருக்கிறது. எல்லாக் கதவும் சாத்திய அறைக்குள் சிக்கிய ரத்தத்தைத் தசை நெரிக்கிறது. மனித இதயத்தில் இது ஏறக்குறைய 0.05 விநாடி. அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறி, 80ஐத் தாண்டிய கணத்தில் கதவு திறக்கிறது. அழுத்தம் 120 வரை போய், சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் வெளியேறி, பின் அழுத்தம் இறங்க, தமனி வால்வு ‘டப்’பென்று சாத்திக்கொள்கிறது. மறுபடியும் எல்லாக் கதவும் சாத்திய ஒரு நொடித்துளி. தசை தளர, அழுத்தம் மேலறையைவிடக் கீழே போனதும் மேல்கதவு திறக்கிறது. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடவோ எடுக்கவோ ஆள் கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ, அந்தப் பக்கம் முடிவு செய்கிறது.

மூன்றாவது, இடமும் வலமும். கழுத்துத் தமனி வழியாக இடக் கீழறைக்குள்ளும் ஒரு குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு குதிரையில் இடக் கீழறை எட்டிய உச்சம் 128 மில்லிமீட்டர் பாதரசம், வலக் கீழறை 25. நம் உடலிலும் ஏறக்குறைய இதே 120, 25தான். இருபுறமும் ஒரே நேரத்தில் சுருங்கி, ஒரே அளவு ரத்தத்தைத் தள்ளுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்ப ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போதும். இடச் சுவர் தடித்தும் வலச் சுவர் மெலிந்தும் இருப்பதைக் கறிக்கடையில் ஆட்டு இதயம் நறுக்கப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். காரணத்தின் எண்ணிக்கை அந்தக் குதிரையிடமிருந்து வந்தது.

தாளில் ஒன்று மட்டும் தீராமல் நின்றது. கீழறைக் கோட்டின் உச்சியில் தெரிந்த அந்த மெல்லிய அலைகள் இதயத்துடையவையா, ரப்பரும் காற்றும் தாமே நடுங்கியதால் வந்தவையா? மாரே இதில் அதிகம் தங்கவில்லை. அதே காற்றுப் பறைகளைக் குதிரையின் குளம்பில் கட்டி நடையை எழுதவும், பிறகு பறவைகளின் பறத்தலுக்கும், 1882இல் தொடர்படம் எடுக்கும் துப்பாக்கிக் கேமராவுக்கும் போய்விட்டார். அலைகளின் கேள்வியைக் கையில் எடுத்தவர் மியூனிக்கின் ஓட்டோ ஃபிராங்க். அவரிடம் போய்ப் பயின்ற அமெரிக்கர் கார்ல் விகர்ஸ், அழுத்தம், கன அளவு, ஒலி, மின்னோட்டம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினார். இன்றும் மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் படம் அவர் பெயரில் இருக்கிறது. மாரேயின் மூன்று கோடுகள்தான் அதன் மூதாதை. அதை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.

இந்த அத்தியாயத்தை முடிக்குமுன் அந்தக் குதிரையின் இன்னொரு தடத்தைச் சொல்ல வேண்டும். குதிரை முன்னால் ஒருவர் நிற்பதும், அதன் கழுத்துச் சிரையிலிருந்து மெல்லிய குழாய் வெளிவந்து எழுதும் கருவிக்குப் போவதுமாக ஒரு சிறு ஓவியம் உடலியல் நூல்களில் ஏறி, பல பத்தாண்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தது. மாணவனாக அதைப் பார்த்த ஒருவருக்கு அது மறக்கவே இல்லை. 1929இல், ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரத்து மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன், மேலதிகாரி வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், தம் இடது முழங்கை மடிப்பில் சிரையைத் திறந்தார். 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். குழாயோடே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய், முனை தம் வல மேலறையில் நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டார். 1956இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் சுட்டிக்காட்டியது குதிரையின் அந்த ஓவியத்தைத்தான்.